ஐம்பது டாலர் நடிகை

சினிமாவின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலாளிகளையும் முதல் வரிசை நட்சத்திரங்களையும் பற்றியே எழுதிச் செல்கிறார்கள். அந்தத் தொழில் உள்ளபடியே எவ்வாறு நடந்தது என்று அறிய விரும்புகிறவர், வாரச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, கதாநாயகியின் தோழியாகவும் பூக்கடைப் பெண்ணாகவும் கூட்டத்தில் ஒரு முகமாகவும் வருஷக் கணக்கில் காமிராவின் முன் வந்து போனவர்களின் வாழ்க்கையை ஆராய்வதே உசிதம். அப்படிப்பட்டவர்களில் ஒருவராகத் தொடங்கிய லூசில் பால் என்னும் அமெரிக்க நடிகையின் சரித்திரம், ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் மத்தியான வெயிலிலே ஆரம்பித்து, அவற்றின் அந்திப்பொழுதையும் டெலிவிஷனின் உதயத்தையும் ஒருங்கே கண்டது. ஸ்டூடியோ அவருக்குத் தொழிலைக் கற்பித்தது. ஆனால் கற்பித்ததை இன்ன இடத்தில் பயன்படுத்துவதென்று அதற்குத் தெரியவில்லை. அந்த வித்தையை, ஸ்டூடியோக்காரர்கள் ஏளனமாகக் கருதிய ஒரு புதிய சாதனத்துக்கு அவர் கொண்டு சென்றபோது, கீர்த்தியும் செல்வமும் மட்டுமின்றி அந்த ஸ்டூடியோவே அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

அவர் 1911-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். டெலிபோன் கம்பி இழுக்கும் வேலை பார்த்துவந்த தகப்பனார், குழந்தைக்கு நான்கு வயது நிறைவதற்குள் விஷஜுரத்தால் காலமானார். அதன்பின் தாய்வழித் தாத்தா, பாட்டியின் ஆதரவில் வளர்ந்த அந்தப் பெண்ணை, பாட்டும் நடனமும் கழைக்கூத்தும் ஹாஸ்யமும் கலந்த 'வாட்வில்' என்னும் மேடைக் கேளிக்கைக்கு அழைத்துச் சென்று, தொழில் மீது முதல் ஆசையை மூட்டியவர் தாத்தாவே. பதினைந்து வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அங்கே பெட்டி டேவிஸ் போன்ற மாணவியர் பிரகாசித்துக்கொண்டிருக்க, கூச்சத்தால் வாய் திறவாத இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று முடிவு கட்டி ஆசிரியர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியவர் மறுபடியும் நகரத்துக்கே வந்து, ஹாட்டி கார்னகி என்னும் பிரசித்தி பெற்ற உடை நிபுணரின் கடையில் ஆடைகளை அணிந்து காட்டும் பெண்ணாக ஜீவனம் நடத்தினார். 1933-இல் சாமுவேல் கோல்ட்வின் தயாரித்த படமொன்றில் அழகிகளின் குழுவில் ஒருத்தியாகத் தோன்றுவதற்கு வாய்ப்புக் கிடைக்கவே, ஹாலிவுட்டுக்குப் புறப்பட்டார்.

அக்காலத்து ஹாலிவுட்டில் நடிகர் என்பவர், ஆலையில் தறி ஓட்டுபவரைப் போலவே, ஒரு ஸ்தாபனத்தின் ஊழியர். ஒப்பந்தம் வழக்கமாக ஏழு வருஷத்துக்கு எழுதப்படும். ஆனால் அந்த ஏழு வருஷம் நடிகரைத்தான் கட்டுப்படுத்தும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருஷத்துக்கு ஒருமுறையோ ஒப்பந்தத்தைத் தொடரவும் முறிக்கவும் ஸ்டூடியோவுக்கு உரிமை உண்டு. நடிகருக்கு அந்த உரிமை கிடையாது. கொடுத்த வேஷத்தை மறுத்தால் சம்பளத்தை நிறுத்திவைப்பார்கள். நிறுத்திவைத்த நாட்களை ஒப்பந்தக் காலத்தின் கடைசியில் சேர்த்துக் கொள்வார்கள். வேறொரு ஸ்டூடியோ கேட்டால் வாடகைக்கும் அனுப்புவார்கள். தலைமயிரின் நிறம், பெயர், பத்திரிகைக்குச் சொல்ல வேண்டிய வரலாறு யாவற்றையும் நிர்வாகமே தீர்மானிக்கும். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை நீதிமன்றத்துக்குப் போய், 1944-இல் மேல்முறையீட்டிலும் வெற்றி பெற்ற பிறகுதான், ஒப்பந்தத்தை நாட்காட்டியின் ஏழு வருஷத்துக்கு மேல் நீட்டக் கூடாதென்பது நிலைநாட்டப்பட்டது.

லூசில் பால் முதலில் கொலம்பியா ஸ்டூடியோவில் வாரம் 75 டாலர் சம்பளத்தில் அமர்ந்தார். அங்கிருந்த சிறு நடிகர் குழுவை நிர்வாகம் ஒரே நாளில் கலைத்துவிட்டபோது வேலை போயிற்று. பிறகு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் வாரம் 50 டாலருக்கு ஒப்புக்கொண்டு சேர்ந்தார். பிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் ஆடிய 'டாப் ஹாட்' என்னும் 1935-ஆம் வருஷத்துப் படத்தில், பூக்கடையில் நிற்கும் பெண்ணாகச் சில கணங்கள் அவரைக் காணலாம். ஜிஞ்சர் ராஜர்ஸின் தாயார் லீலா ராஜர்ஸ் அந்த ஸ்டூடியோவிலேயே இளம் நடிகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தி, சிறு மேடையில் நாடகங்களும் போட்டுவந்தார். அங்கே தவறாமல் சென்று உழைத்தவர்களில் லூசில் பால் ஒருவர். அழகுக்குப் பங்கம் வருமென்று மற்ற நடிகைகள் தயங்கி ஒதுக்கிய வேஷங்களையும், தண்ணீரில் விழுவதையும், அடிபடுவதையும், கோணங்கிச் சேஷ்டைகளையும் அவர் மனமுவந்து ஏற்றுக் கொண்டார். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

1937-இல் காதரின் ஹெப்பர்னும் ஜிஞ்சர் ராஜர்ஸும் நடித்த 'ஸ்டேஜ் டோர்' படத்தில் வாயாடிப் பெண் ஒருத்தியாக நடித்துக் கவனத்தைக் கவர்ந்தார். 1940-இல் டாரதி ஆர்ஸ்னர் இயக்கிய 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்', 1942-இல் ஹென்றி ஃபாண்டாவுடன் நடித்த 'தி பிக் ஸ்ட்ரீட்' ஆகியவை அவருடைய சக்தியை ஓரளவு காட்டின. எனினும், பெரிய படத்துக்குத் துணையாக, சிறு செலவில் எடுக்கப்படும் இரண்டாந்தரப் படங்களே அவருக்குப் பெரும்பாலும் வாய்த்தன; அத்தகைய படங்களின் ராணி என்று ஹாலிவுட்டார் அவருக்குப் பட்டமும் கட்டிவிட்டார்கள். பின்னர் அவரை எடுத்துக்கொண்ட எம்.ஜி.எம். ஸ்டூடியோ, வர்ணப் படத்துக்குப் பொருந்துமென்று அவருடைய கூந்தலைத் தீக்கொழுந்து போன்ற சிவப்பாக்கி, விலையுயர்ந்த ஆடைகளால் அலங்கரித்து, படிக்கட்டுகளில் நடக்கவிட்டது. மௌனப் படக் காலத்தின் மகா கலைஞரான பஸ்டர் கீட்டன் அப்போது அதே ஸ்டூடியோவில், ஹாஸ்யக் காட்சிகளுக்கு யோசனை சொல்லும் சாமானிய உத்தியோகத்தில் இருந்தார். ஒரு நாற்காலியையோ தொப்பியையோ கையில் எடுத்தால் அதன் கனமும் சமநிலையும் என்ன, அது எப்போது சதி செய்யும் என்பதை எல்லாம் பழகிப் பழகி உடம்புக்குத் தெரியச் செய்ய வேண்டும் என்ற ரகசியத்தை அவரிடம்தான் லூசில் பால் கற்றார். அந்த ஸ்தாபனத்தின் கூரையின் கீழேயே ஒரு மேதை தம் வித்தையைத் தகுந்த மாணவிக்கு உபதேசித்துக்கொண்டிருந்ததை முதலாளிகள் கவனிக்கவில்லை.

இதற்கிடையே 1940-இல் ஆர்.கே.ஓ. படமொன்றில் உடன் நடித்த தேசி ஆர்னஸ் என்ற கியூபா தேசத்து வாத்தியக் குழுத் தலைவரை அவர் மணந்தார். கணவர் தம் குழுவினருடன் ஊர் ஊராகப் போய்வர, மனைவி ஸ்டூடியோவில் விடியற்காலை முதல் உழைக்க, இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்த நாட்கள் குறைவு. பின்னால் நிகழ்ந்த பெரிய மாறுதலுக்கு இந்தக் குடும்ப விசாரமே மூலகாரணம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1948-இல் சி.பி.எஸ். ரேடியோவில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற தொடரில் அவர் குடும்பப் பெண்ணாகப் பேச ஆரம்பித்தார். ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் காரல் ஆகிய மூன்று எழுத்தாளர்கள் அங்கே அவருக்கு அமைந்தார்கள். நேயர்கள் எதிரே அமர்ந்திருக்க, தாளைக் கையில் பிடித்து வாசித்தாலே போதும் என்றிருந்த அந்த நிகழ்ச்சியில், முகபாவமும் அங்க அசைவும் சேர்ந்தால் கூடத்தில் சிரிப்பு இரட்டிப்பாவதை ஓப்பன்ஹைமர் கவனித்தார். ஜாக் பென்னி என்ற ஹாஸ்ய நடிகர் ரேடியோவிலும்கூட உடம்பால் நடிப்பதைப் போய்ப் பார்த்து வரும்படி லூசில் பாலை அனுப்பினார். பதினைந்து வருஷம் சினிமா ஸ்டூடியோக்கள் அவருக்குக் கொடுக்காத ஒன்று ரேடியோவில் கிடைத்தது. தம் நடிப்புக்கு எதிரே இருப்பவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டே நடிக்கும் பாக்கியமே அது.

அந்தத் தொடரை டெலிவிஷனுக்கு மாற்ற சி.பி.எஸ். விரும்பியபோது, கணவன் வேஷத்தில் தம் கணவரே நடிக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தார். கியூபா நாட்டு உச்சரிப்புள்ள ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். தம்பதிகள் வாதாடிக்கொண்டு நிற்காமல், 1950-இல் ஒரு மேடைக் காட்சியைத் தயாரித்துக்கொண்டு பல நகரங்களில் நடித்துக் காட்டி, ஜனங்கள் கைதட்டி வரவேற்பதை நிரூபித்தார்கள். இருவர் பெயரின் முதற்பகுதிகளையும் இணைத்து 'டெசிலு' என்று ஒரு கம்பெனியும் ஸ்தாபித்தார்கள்.

அடுத்த சிக்கல் இடத்தைப் பற்றியது. அக்காலத்தில் டெலிவிஷன் நாடகங்களில் பெரும்பாலானவை நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. மேற்குக் கரையிலுள்ளோருக்கு, ஒளிபரப்பை ஒரு டெலிவிஷன் திரையிலிருந்தே பிலிமில் படம் பிடித்து அனுப்புவார்கள். அது மங்கலாகவும் கலங்கலாகவும் இருக்கும். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்க முன்வந்த பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி, ஜனத்தொகை மிகுந்த கிழக்குப் பகுதியில் தெளிவான படம் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தியது. ஹாலிவுட் வீட்டை விட்டுப் போகத் தம்பதிகளுக்கு மனமில்லை. ஆகவே சினிமாவைப் போல் பிலிமிலேயே எடுத்து அனுப்புகிறோம் என்றார்கள். அதிகச் செலவாகுமே என்ற ஆக்ஷேபத்துக்கு, தங்கள் வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்து, அதற்கு ஈடாக எடுக்கப்படும் பிலிம்கள் முழுவதும் டெசிலுவுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கிக் கொண்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பானதும் நிகழ்ச்சியின் ஆயுள் முடிந்தது என்பதே அன்றைய அபிப்பிராயம். ஆதலால் அந்த உரிமையைக் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இருப்பதாகச் சி.பி.எஸ். கருதவில்லை.

இனி, எடுக்கும் முறையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்வது அவசியம். சினிமாவில் ஒரு காமிராவை வைத்துக்கொண்டு, துண்டு துண்டாக, முன்பின் வரிசையின்றி எடுப்பார்கள். எதிரே ரசிகர் கிடையாது. லூசில் பாலுக்கோ சிரிப்பவர்கள் எதிரே வேண்டும். தேசி ஆர்னஸ், ஜெர்மனியில் 'மெட்ரோபொலிஸ்' படத்தை ஒளிப்பதிவு செய்தவரும், 'தி குட் எர்த்' படத்துக்காக அகாடமி பரிசு பெற்றவருமான கார்ல் பிராய்ண்ட் என்னும் முதிய நிபுணரை அணுகினார். நாடகம் போல் ஆதியிலிருந்து அந்தம் வரை தொடர்ச்சியாக நடக்க, சக்கர வண்டிகள் மீது மூன்று காமிராக்கள் ஒரே சமயத்தில் ஓடின. ஒன்று முழுக் காட்சியையும், மற்றவை நெருங்கிய தோற்றங்களையும் எடுக்கும். காட்சிக்குக் காட்சி விளக்கை மாற்ற அவகாசமில்லாததாலும், தரையில் விளக்குகளை நிறுத்தினால் காமிராக்களுக்கு வழியிராததாலும், பிராய்ண்ட் விளக்குகளை எல்லாம் மேலே தொங்கவிட்டு, எங்கு நின்றாலும் முகத்தில் ஒரே சீரான ஒளி விழும்படி அமைத்தார். சுவரையும் சாமான்களையும் சாம்பல் நிறத்தின் பல சாயைகளில் வர்ணம் பூசச் செய்தார். ஏறக்குறைய முந்நூறு பேர் உட்காரும்படி படிவரிசையான ஆசனங்கள் போடப்பட்டன. பொதுமக்கள் வருவதால் தனி வாசலும் கழிப்பறையும் வேண்டும் என்று சட்டம் குறுக்கிட்டபோது, நடிகையின் அறையை ஒட்டியிருந்த கழிப்பறையே பெண் ரசிகர்களுக்காக விட்டுக் கொடுக்கப்பட்டது. எடுத்த பிலிம்களைத் தொகுப்பதற்கு, மூன்று படங்களும் ஒலிநாடாவும் அருகருகே ஓடும் ஒரு யந்திரம் தயாராயிற்று. தொகுப்பாளர்கள் அதற்கு 'மூன்று தலைப் பூதம்' என்று பெயரிட்டார்கள். லூசில் பாலின் தாயார் ரசிகர்களோடு உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். மகள் ஆபத்தில் மாட்டிக்கொள்ளப் போகும் தருணங்களில் பதறிப் போகும் அந்த அம்மையாரின் குரல் அந்தப் பிலிம்களிலேயே பதிவாகியிருக்கிறது.

1951-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு, 'ஐ லவ் லூசி' முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. நியூயார்க்கில் வசிக்கும் கியூபா சங்கீதக்காரன் ஒருவன்; மேடையேறி நடிக்க வேண்டும் என்ற அடங்காத ஆசை கொண்ட அவன் மனைவி; அதே கட்டடத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரத் தம்பதிகள். இவ்வளவே கதாபாத்திரங்கள். வீட்டுக்கார அம்மாளாக விவியன் வான்ஸும், அவர் கணவராக வில்லியம் ஃப்ராலியும் நடித்தார்கள். முன் வரிசைக்கு வர முடியாமல் பல வருஷம் தவித்த நடிகை ஒருவர், மேடைக்கு ஏங்கும் பெண்ணின் வேஷத்தைப் போட்டுக்கொண்டபோது, அந்த ஏக்கத்தில் பொய் என்பது மருந்துக்கும் இல்லை. ஹாஸ்யத்துக்கு அடியில் இருந்த இந்தச் சத்தியத்தால்தான் ஜனங்கள் லூசியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பாவித்தார்கள்.

1952 செப்டம்பரில் வெளிவந்த ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். லூசியும் சிநேகிதியும் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறார்கள். நகரும் நாடாவின் மீது வரும் சாக்லேட்டுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்றாவது சுற்றாமல் போனால் வேலை போய்விடும். முதலில் நாடா மெதுவாக நகர்கிறது. இருவர் முகத்திலும் தன்னம்பிக்கை. வேகம் கூடுகிறது, கைகள் பரபரக்கின்றன, தவறியவற்றை வாயில் போட்டுக் கொள்கிறார்கள், பிறகு தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள். மேற்பார்வைக்காரி உள்ளே வரும்போது கன்னங்கள் உப்பி, வாய் மூடி, மரியாதையாக நிற்கிறார்கள். அவள் திருப்தியடைந்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறாள். வசனம் கொஞ்சமே உள்ள அந்தச் சில நிமிஷங்களில், பயமும் கௌரவமும் பசப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த முகத்தில் ஓடுவதைப் பார்க்கிறவருக்கு, கீட்டன் கற்பித்த பாடம் வீண்போகவில்லை என்பது விளங்கும். நாட்கணக்கில் ஒத்திகை பார்த்து, சாமான்களைக் கையாண்டு பழகி, அதன்பின் நிகழ்ந்ததை அப்போதுதான் தற்செயலாக நிகழ்ந்தது போல் காட்டும் சாமர்த்தியம் அது.

1952-இல் அவர் இரண்டாவது குழந்தையைக் கருவுற்றபோது, அதை மறைப்பதா, நிகழ்ச்சியை நிறுத்துவதா என்ற தர்க்கம் எழுந்தது. கர்ப்பிணியைத் திரையில் காட்டுவது அநாகரிகம் என்று கருதப்பட்ட காலம் அது. தம்பதிகளும் ஓப்பன்ஹைமரும் கர்ப்பத்தையே கதையாக்கினார்கள். கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு, யூத மத குருமார் மூவர் ஒவ்வொரு பகுதியின் எழுத்துப் பிரதியையும் பார்த்துச் சம்மதம் தெரிவித்தார்கள். 1953 ஜனவரி 19-ஆம் தேதி இரவு, கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே தினத்தில் ஆஸ்பத்திரியில் லூசில் பாலுக்கும் மகன் பிறந்தான். ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் அதைப் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதை டெலிவிஷனில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்.

அதே வருஷம் செப்டம்பரில் பெரிய சோதனையும் வந்தது. 1936-இல், சோஷலிஸ்டான தாத்தாவின் மனம் குளிரட்டும் என்று வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்டுக் கட்சியின் பெயரை அவர் குறிப்பிட்டிருந்தது வெளியாயிற்று. அத்தகைய குற்றச்சாட்டால் அநேகக் கலைஞர்கள் ஜீவனமிழந்துகொண்டிருந்த காலம் அது. தேசி ஆர்னஸ் படப்பிடிப்புக்கு வந்திருந்த ரசிகர்களிடம் நேராகவே விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஆரவாரத்துடன் ஆதரித்தார்கள். விசாரித்த அமெரிக்கக் காங்கிரஸ் குழுவும் லூசில் பால்மீது குற்றமில்லை என்று விட்டது.

இப்போது அந்த 1,000 டாலர் விஷயத்துக்கு வருவோம். பிரசவத்துக்குப் பின் ஓய்வெடுத்த வாரங்களில் பழைய பகுதிகள் சிலவற்றை மறுபடி ஒளிபரப்பினார்கள். ஜனங்கள் அவற்றையும் ஆவலோடு பார்த்தார்கள். ஒருமுறை எடுத்த பிலிம் மறுபடி மறுபடி விளையும் நிலம் என்பது அப்போதுதான் தொழில் உலகுக்குத் தெரிந்தது. சில வருஷங்களுக்குப் பின் அந்தப் பிலிம்களின் உரிமையைச் சி.பி.எஸ். 40 லட்சம் டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்க நேர்ந்தது. மறுபுறம், ஹவர்ட் ஹ்யூஸின் நிர்வாகத்தில் சீர்குலைந்து, டயர் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறி, படம் எடுப்பதையே நிறுத்திவிட்டிருந்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ விலைக்கு வந்தது. 1957-இன் இறுதியில், 60 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான விலையில், கோவர் வீதி வளாகமும், 'கான் வித் தி விண்ட்' எடுக்கப்பட்ட கல்வர் நகர வளாகமும் டெசிலுவுக்குச் சொந்தமாயின. அங்கே பூக்கடைப் பெண்ணாக நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

செல்வம் வந்தபோதிலும், எந்தத் தாம்பத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக இந்த ஏற்பாடுகள் எல்லாம் நடந்தனவோ அது நிலைக்கவில்லை. 1960-இல் இருவரும் விவாகரத்துச் செய்துகொண்டார்கள். 1962-இல் தேசி ஆர்னஸின் பங்கையும் விலை கொடுத்து வாங்கி, அத்தகைய பெரிய ஸ்டூடியோ ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணியாக லூசில் பால் விளங்கினார். அதே வேளையில் 'தி லூசி ஷோ'விலும் நடித்துவந்தார். பெருஞ்செலவு பிடிக்கும் என்று சக நிர்வாகிகள் அஞ்சிய 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாஸிபிள்' ஆகிய தொடர்கள் 1966-இல் அவருடைய ஸ்டூடியோவிலிருந்தே வெளிவந்தன. மறுவருஷம் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு டெசிலுவை விற்றார். அது அடுத்த மதிலுக்கு அப்பாலிருந்த பாரமவுண்டுடன் இணைந்தது. அதன்பின்னும் 1974 வரை 'ஹியர்ஸ் லூசி' என்ற தொடரில் நடித்தார். 1986-இல், எழுபத்தைந்து வயதில், பழைய பாணியிலேயே மீண்டும் ஒரு தொடரைத் தொடங்கியபோது ஜனங்கள் அதை ஏற்கவில்லை. சில வாரங்களிலேயே அது நின்றுபோயிற்று. 1989 ஏப்ரல் 26-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார்.

ஸ்டூடியோ முறையைக் கொடுமை என்று தள்ளுபவர்களும், பொற்காலம் என்று கொண்டாடுபவர்களும் இந்த வாழ்க்கையைப் பார்த்தால் இருவருமே பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். சம்பளம் வாங்கிய தையற்காரர், ஒளிப்பதிவாளர், பழைய விதூஷகர், பயிற்சி ஆசிரியை யாவரும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்ததால், கற்க விரும்புகிறவருக்கு அது ஒரு குருகுலமாக இருந்தது. அதே மதிலுக்குள், ஒருவர் கற்றதன் பலன் அவருக்குச் சேராதபடி ஒப்பந்தம் வேலி போட்டிருந்தது. லூசில் பாலும் அவர் கணவரும் கல்வியை எடுத்துக் கொண்டு வேலியைத் தாண்டினார்கள். கார்ல் பிராய்ண்ட் வகுத்துக் கொடுத்த முறையில், ரசிகர்கள் முன்னிலையில் பல காமிராக்களை ஓட்டி ஹாஸ்யத் தொடர்களை எடுப்பது அமெரிக்காவில் பல தலைமுறைகளுக்குச் சம்பிரதாயமாயிற்று. மறு ஒளிபரப்பு டெலிவிஷன் வியாபாரத்தின் முதுகெலும்பாயிற்று. இவை இரண்டைக் காட்டிலும் பெரியதாக நான் மதிப்பது, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு சிருஷ்டியின் உரிமையைக் கேட்ட அந்த ஒரு தீர்மானத்தையே. உழைப்பை விற்றுப் பிழைக்கும் எந்தக் கலைஞரும், கையெழுத்திடுவதற்கு முன்பு, அந்தத் தீர்மானத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.